ஏழு எண்கள் காட்டிய கார்

கராஜ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். வந்து பேசுங்கள் என்று கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு வாய் திறக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு முழுக்கக் கார்களுக்குக் கீழேதான். வலது தோள் இனித் தூக்காது என்று டொக்டர் சொன்னதும், அறுபது வருவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டேன். இப்போது வீட்டில் சும்மா இருப்பதும் ஒரு களைப்பாகத்தான் இருக்கிறது.

வேலை நுணுக்கம் சொல்லித் தருகிற ஆள் நான் இல்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கோளாறு எண்களைக் கண்ணால் பார்த்துப் பழகியவன். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிற விளக்கத்தை வாசித்து முடிக்க எனக்கு நேரம் எடுக்கும். நீங்கள் ஒரு பார்வையில் வாசித்துவிடுவீர்கள். அதனால் நான் செய்த ஒரு பிழையை மட்டும் எழுதுகிறேன். நான் பிழை விட்ட அந்தக் காரில் ஒரு பெண் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாளும் தவறக் கூடாத சிகிச்சை. அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

2011ஆம் ஆண்டு குளிர்காலம். பிளாக்டவுன் என்கிற புறநகருக்குப் பக்கத்தில், தகரக் கூரைகள் வரிசையாக இருக்கிற ஒரு தெருவில் எங்கள் கராஜ். முதலாளி கல்முனைப் பக்கத்து முஸ்லிம். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அண்ணன் என்பார். வாடிக்கையாளரோடு பேசுவதெல்லாம் அவர். காரோடு பேசுவது நான். இந்த ஏற்பாடு இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது.

முதலாளியிடம் ஒரு கதை இருந்தது. யாரோ ஒருவர் வீட்டிலேயே எஞ்சின் ஒயில் மாற்றப் போய், கியர்பெட்டி ஒயிலைத் திறந்து விட்டுவிட்டு, எஞ்சினுக்குள் ஏற்கெனவே இருந்த ஒயிலுக்கு மேல் இன்னொரு முறை ஊற்றிய கதை. இப்படித் தாங்களே காரைக் கழற்றுகிறவர்களுக்கு அவர் 'ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்' என்று பெயர் வைத்திருந்தார். அந்தக் கதையை அவர் சொல்கிற விதம் அப்படி. பத்தாவது முறை கேட்டாலும் சிரிப்பு வரும். சனிக்கிழமைகளில் ஆட்கள் கூடியிருக்கும்போது கட்டாயம் சொல்வார்.

அந்தச் சனிக்கிழமையும் சொன்னார். "வீடியோவில அவன் கழட்டுறான், பூட்டுறான், கையத் துடைக்கிறான். இவரும் கழட்டுறார். பூட்டத்தான் ஏலாமப் போச்சு. மறுகா ஆரைத் தேடி வாறாரு?" என்று தன் நெஞ்சில் தட்டிக் காட்டினார். கதிரைகளில் இருந்த மூன்று நான்கு பேர் சிரித்தார்கள். நானும் உள்ளே நின்றபடி சிரித்தேன். அப்போது கவுண்டருக்கு முன்னால் சாவியைப் பிடித்தபடி ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

தமிழ்நாட்டுக்காரர். நாற்பது வயது இருக்கும். பெரிய அலுவலகம் ஒன்றில் எஞ்சினியர் என்று முன்பொரு முறை வந்தபோது முதலாளி சொல்லியிருந்தார். எங்களுக்கு அவர் 'சேர்'; அவர் ஊரில் 'சார்' என்பார்கள். காரில் எஞ்சின் லைட் எரிகிறது, சில நேரம் இழுக்க மாட்டேன் என்கிறது என்றார்.

"என்ன சேர், நீங்களும் கை வெச்சீங்களா?" என்று முதலாளி அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்பே கேட்டார்.

"இல்லங்க. நான் தொடவே இல்ல. அதுவா வந்துச்சு."

சாவியை அவர் கையிலிருந்து நான்தான் வாங்கினேன். நகங்களுக்குள் கறுப்பாக இருந்தது. ஒரு விரல் மூட்டில் பிளாஸ்டர். அலுவலகத்தில் வேலை செய்கிற மனிதரின் கை அப்படி இருக்காது. பார்த்தேன். பேசாமல் போய், கோளாறு எண்களைக் காட்டுகிற ஸ்கானரைக் காரில் பொருத்தினேன்.

ஏழு எண்கள் வந்தன. காற்று போகும் இடத்துச் சென்சர், புகைக்குழாய்ச் சென்சர், இரண்டு சிலிண்டர்களில் தீப்பொறி தவறுகிறது, இன்னும் மூன்று. நான் வழக்கம்போல ஒரு மட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் எழுதி வைத்தேன். போனட்டைத் திறந்தால், ஆறு வருடத் தூசு படிந்த எஞ்சினில் மேல்பக்கக் காற்றுப் பெட்டி மட்டும் துடைத்து வைத்தது போலிருந்தது. இரண்டு போல்ட்களின் தலையில் புதிய கீறல். யாரோ அண்மையில் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது.

கேட்கவில்லை. அவர் தொடவில்லை என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். படித்த மனிதர். ஐந்தாம் வகுப்புக்காரன் நான் போய், நீங்கள் சொன்னது பொய்யா என்று எப்படிக் கேட்பது? நீங்கள் இதை வாசித்துச் சிரிக்கலாம். அந்த இடத்தில் என் கால் நகரவில்லை.

கேட்காமல் விட்டவன் என்ன செய்வான்? பட்டியலில் முதலாவதாக இருந்ததைப் பிடிப்பான். காற்று போகும் இடத்துச் சென்சரை மாற்றினேன். எண்களை அழித்தேன். தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன். லைட் வரவில்லை. மதியம் ஒரு மணிக்கு மூட வேண்டும், இன்னும் இரண்டு கார்கள் நிற்கின்றன. முதலாளியிடம் சரி என்று தலையாட்டினேன். முதலாளி அவரிடம் எல்லாம் கிளியர் என்றார்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணியிருக்கும். ஒரு இழுவை வண்டி அந்தக் காரை ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து சேர் இறங்கினார். பிறகு ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இறக்கினார். தலையைச் சுற்றிக் கம்பளிச் சால்வை. கையில் மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பா. அவரைக் கதிரையில் இருத்திவிட்டு சேர் கவுண்டருக்கு வந்தார். கோபத்தில் இருந்தார். நெடுஞ்சாலையில் நடு லேனில் எஞ்சின் நின்றதாம். பின்னால் லொறிகள் ஹோர்ன் அடித்தபடி இரண்டு பக்கமும் போயினவாம். ஓரத்துக்கு உருட்டிக் கொண்டுவந்து ஒரு மணித்தியாலம் நின்றார்களாம். எல்லாம் கிளியர் என்று சொன்னீர்களே என்று இரண்டு மூன்று முறை கேட்டார்.

முதலாளி மன்னிப்புக் கேட்டார். தன் வாகனத்தைத் தருவதாக, தானே எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அப்போது அந்தப் பெண் கதிரையிலிருந்தபடி பேசினார். குரல் சன்னமாக இருந்தது, ஆனால் நடுக்கம் இல்லை.

"இனிமே போயிப் பிரயோஜனம் இல்லங்க. பத்தே முக்காலுக்கு எனக்கு ரேடியேஷன். பரமட்டாக்கிட்ட பெரிய ஆஸ்பத்திரில. ஆறு வாரம், டெய்லி. இன்னைக்குப் பதினோராவது நாள். போன் பண்ணிக் கேட்டேன். நாளைக்கு வாங்க, விட்டுப்போனத கடைசில சேத்துக்கலாம், ஆனா இன்னொரு நாள் விட்றாதீங்கன்னாங்க."

முதலாளி கவுண்டரை விட்டு வெளியே வந்தார். நாளைக்குத் தன் மனைவி வந்து கூட்டிக்கொண்டு போவார் என்றார். வேண்டாம் என்றார் சேர். மனைவிக்கு வந்திருக்கிற நோய் யாருக்கும் தெரியாதாம். கோயிலில் தெரியாது, நண்பர்களுக்குத் தெரியாது, ஊரில் அவர்கள் வீட்டுக்கே தெரியாது. தெரிந்தால் ஆளாளுக்கு வந்து அழுவார்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. டாக்சியும் சரிவராது. திரும்பி வரும் வழியில் அந்தப் பெண்ணுக்கு வாந்தி வரும். முன்பின் தெரியாதவர் காரில் அது அவருக்கு வெட்கம். அந்த டப்பா அதற்குத்தான். ஆகவே அவர்களுக்கு இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அது மறுநாள் காலை பத்து மணிக்கு ஓட வேண்டும்.

மறுபடி ஸ்கானரைப் போட்டேன். இப்போது ஒன்பது எண்கள்.

முதலாளி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டு, காரின் கம்ப்யூட்டரே போயிருக்கும், ஓடர் பண்ணுவோம் என்றார். வர இரண்டு நாள் ஆகும். அதுவும் சரியான பெட்டிதானா என்று தெரியாது. நான் எழுதி வைத்த மட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவசரம் வந்தால் மனம் பெரிய சாமானைத் தேடும். பெரிய சாமானை மாற்றினால் பெரிய வேலை செய்த மாதிரி இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்பது சாமான் ஒரே வாரத்தில் சாகாது. ஒன்பதும் ஒரே இடத்தில் சேர்கிற ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அது எங்கே என்று காருக்குத் தெரியாது. கழற்றிய கைக்குத் தெரியும்.

எனக்கு வியர்த்தது. குளிர்காலத்தில் வியர்த்தது. போய் சேரிடம், ஒரு நிமிடம் உள்ளே வாருங்கள் என்றேன். கவுண்டருக்கு முன்னால் கேட்கவில்லை. கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், கம்ப்ரசர் சத்தம் போடுகிற மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே யார் என்ன பேசினாலும் வெளியே கேட்காது.

என்ன சொல்வது என்று முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. "சேர், சனிக்கிழமை உங்கட கையப் பார்த்தனான். நகத்துக்குள்ள ஒயில். எனக்குத் தெரியும், ஆனா நான் கேக்கேல்ல. அது என்ர பிழை" என்றேன்.

அவர் நகங்களை உள்ளங்கைக்குள் மடித்தார். தரையைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

நான் என் கதை ஒன்றைச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கொழும்பில், திறந்திருந்த எஞ்சினுக்குள் ஒரு நட்டை விழுத்திவிட்டேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அந்த எஞ்சின் உடைந்தது. அடிக்குப் பயந்து மறைக்கவில்லை, மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று மறைத்தேன். இதை நான் என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. அவருக்குச் சொன்னேன்.

கம்ப்ரசர் நின்றது. மறுபடி ஓடத் தொடங்கும் வரை அவர் காத்திருந்தார்.

"மேல இருக்கற பெட்டியக் கழட்டி, ஸ்பார்க் பிளக் மாத்துனேன்" என்றார். "வெள்ளிக்கிழமை, அவ தூங்கும்போது. ஆஸ்பத்திரில அவளுக்கு அவங்க எல்லாம் பண்றாங்க. நான் வெளிய ஒக்காந்து பத்திரிகை புரட்டிட்டிருக்கேன். வண்டியாவது நானே பாத்துக்கலாம்னு நெனச்சேன். அது வழில நின்றக் கூடாதுன்னுதான் பண்ணேன்."

பிறகு போனை எடுத்தார். கழற்றும்போது ஒவ்வொரு படியாகப் படம் எடுத்து வைத்திருந்தார். எஞ்சினியர் அல்லவா. நாற்பதுக்கு மேல் படங்கள். சனிக்கிழமை முழுக்க இந்தப் போன் அவருடைய சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

ஒவ்வொன்றாகத் தள்ளினார். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ படத்தில், காற்றுப் பெட்டியின் பின்பக்கம், எஞ்சினுக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுச் சுவருக்கும் இடையில், ஒரு கறுத்த வயரும் அதைப் பிடித்திருக்கிற போல்ட்டும் தெரிந்தன. ஏர்த் வயர். எஞ்சினில் உள்ள சென்சர்களுக்கெல்லாம் கரண்ட் திரும்பிப் போகும் பாதை அது ஒன்றுதான். திரும்பப் பூட்டிய படங்களில் அந்த இடத்தை அவர் எடுக்கவில்லை.

"இந்த போல்ட்ட மறுபடி போட்டீங்களா, சேர்?"

அவர் காருக்குப் போய், முன் சீட்டுக்கு எதிரே இருக்கிற சின்னப் பெட்டியைத் திறந்து, டிஷ்யூவில் சுற்றிய ஒரு போல்ட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "ஒண்ணு மிஞ்சுச்சு. எதுக்குன்னு தெரியல" என்றார்.

மிச்சத்தை அதிகம் சொல்லத் தேவையில்லை. அந்த வயரின் நுனி ஒரு இரும்புத் தகட்டில் சும்மா சாய்ந்துகொண்டிருந்தது. தொடும்போது எல்லாம் வேலை செய்யும். சூடேறி எஞ்சின் ஆடும்போது விலகும். விலகினால் எல்லாச் சென்சரும் ஒரே நேரத்தில் உளறும். நான் இரண்டு சுற்றுச் சுற்றிய பத்து நிமிடமும் அது தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. சுத்தம் செய்து, போல்ட்டை இறுக்க எனக்குக் கால் மணித்தியாலம். சனிக்கிழமையும் அதே கால் மணித்தியாலம்தான் ஆகியிருக்கும்.

இந்த முறை நான் தெருவைச் சுற்றவில்லை. நெடுஞ்சாலையில் ஏற்றி, எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி, பாலத்து மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி, திரும்பி வந்து ஸ்கானரைப் போட்டேன். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு முறை கொண்டுபோனேன்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் முதலாளியிடம் என்ன பிழை என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளிக்கு அதுவரை விஷயம் தெரியாது. ஒரு போல்ட் இறுகவில்லை, சனிக்கிழமை நான் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். அதுவும் உண்மைதான். சேர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"அவரு இல்ல. நான்தான் கழட்டுனேன். பிளக் மாத்துனேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெண் தன் கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பாத்ரூம்ல ஒரு பல்பு மாத்தச் சொல்லி மூணு வாரம் ஆச்சு" என்றார். "இஞ்சினப் பிரிச்சிருக்கீங்க."

சேர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆனால் கார் சரி என்று சொன்னதும் அந்தப் பெண்ணின் முகத்தில் நிம்மதி வரவில்லை. நாளைக்கு நடுவில் நிற்காது என்று உங்களால் சொல்ல முடியுமா என்று என்னிடம் கேட்டார். நிற்காது என்றேன். சனிக்கிழமையும் அப்படித்தானே சொன்னீர்கள் என்றார். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை, களைத்துப்போய்ச் சொன்னார். லொறிகள் இரண்டு பக்கமும் போனபோது கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன், மறுபடி அந்த சீட்டில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை, வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்றார். சேர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

காரைத் திருத்தியாகிவிட்டது. அதில் ஏற வேண்டியவர் ஏறாவிட்டால் திருத்தி என்ன பலன்? இதற்கு ஸ்கானரில் எண் கிடையாது. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். நாளைக்குக் காலை நான் கராஜ் வான் வண்டியில் உங்கள் பின்னாலேயே வருகிறேன், நின்றால் அதே இடத்தில் நீங்கள் என் வானில் ஏறிவிடலாம், வானுக்குள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள், டப்பாவையும் கொண்டு வாருங்கள் என்றேன். ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதை முதலாளி அதற்கு முன் கேட்டதில்லை. அந்தப் பெண் யோசித்தார். "ரொம்பக் கிட்ட வராதீங்க. பின்னாடி வண்டி ஒட்டிக்கிட்டு வந்தாலும் எனக்குப் பயம்" என்றார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை போனோம். நான் நாலு கார் இடைவெளி விட்டு வந்தேன். ஒவ்வொரு முறை பிரேக் லைட் எரியும்போதும் இண்டிகேட்டரில் கை வைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவர் இறங்கிப் போகும் வரை வானை ஓரத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாற்பது. திரும்பும்போதும் பின்னால் வந்தேன். புதனும் அப்படி. வியாழனும் அப்படி. காலை வேலை எல்லாம் பின்னால் தள்ளிப்போயிற்று. முதலாளியே மேலங்கி போட்டுக்கொண்டு என் வேலையைச் செய்தார், மோசமாகத்தான் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கதையை அவர் கொஞ்சக் காலம் சொல்லாமல் இருந்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடி தொடங்கிவிட்டார். பழக்கம். நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு, யாராவது அதுவாக வந்தது என்று சொன்னால், காரைத் திறப்பதற்கு முன் அவரைத் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பேன். முதலில் என் பிழை ஒன்றைச் சொல்வேன். என்னிடம் நிறைய இருந்தன. பத்தில் ஏழு பேர் தங்களுடையதைச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு வியர்க்கத்தான் செய்தது. அது கடைசி வரை போகவில்லை. உங்களுக்கும் போகாவிட்டால் பரவாயில்லை, வியர்த்துக்கொண்டே கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை வான் சாவியை எடுத்துக்கொண்டு, அவர்கள் வீட்டுக்குக் கிளம்ப நேரம் பார்த்து நின்றேன். அவர்களுக்கு வழக்கமான நேரம் வருவதற்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. கவுண்டரில் போன் அடித்தது. முதலாளி எடுத்துக் கேட்டுவிட்டு, உங்களுக்குத்தான் என்று என்னிடம் நீட்டினார். வழியில் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

அந்தப் பெண்தான் பேசினார். இன்றைக்கு மெஷினில் ஏதோ நேரம் மாற்றி, எட்டு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்களாம்.

"போயிட்டு வந்துட்டோம், அண்ணா" என்றார். "நீங்க வேலையப் பாருங்க."